சிரிச்சுதா, சிரிச்சுதாமா?

அன்வரி: ...அப்ப துருக்கியில வீடுன்னா ‘எவ்’. என் வீடு?

மெஹபூப்: ‘எவிம்’. என் வீட்ல, ‘எவிம்தே’. சட்டைக்குக் கை, காலர், பட்டன்னு வெச்சுத் தைக்கிற மாதிரி, வாலை ஒட்டிக்கினே போவணும்.

அன்வரி: முப்பது வருஷமா துணி தைச்சது போதாதுன்னு பாஷையையும் தைக்க ஒக்காந்துட்டாரு என் வீட்டுக்காரரு.

மெஹபூப்: கிண்டலா? பாண்டி பஜார் கடைக்குத் துருக்கி வியாபாரி வர்றாரு. சொன்னேன்ல?

அன்வரி: மூணு மாசமா வந்துக்கினே கீறாரு! நம்ம புஷ்ரா துருக்கிக்காரப் பையனைக் கட்டிக்கிட்டப்ப மட்டும்...

மெஹபூப்: மக பேச்சு இந்த வீட்ல வேணாம்னு சொல்லி ரெண்டு வருஷம் ஆச்சு.

அன்வரி: பேத்தி பொறந்தும்கூடவா...

மெஹபூப்: அன்வரி!

அன்வரி: சரி, சரி. பாடத்தைச் சொல்லுங்க.

மெஹபூப்: கண்ணால பாத்ததுக்கு ‘தி’. அடுத்தவங்க சொல்லிக் கேட்டதுக்கு ‘மிஷ்’. வந்தான், ‘கெல்தி’. வந்தானாம், ‘கெல்மிஷ்’. நம்ம ‘வந்தானாம்’ல வர்ற ‘ஆம்’தான்.

அன்வரி: அட! புறணி பேசக்கூட தனி வால் வெச்சிருக்காங்களே.

மெஹபூப்: நல்ல மனுஷங்கம்மா. பாக்காததைப் பாத்தேன்னு சொல்லக் கூடாதுன்னு பாஷையிலயே முடிச்சு போட்டு வெச்சிருக்காங்க. அப்புறம், துணி கலருக்கு நூல் எடுப்போமே, அந்த மாதிரி சொல்லுக்கேத்தபடி வாலும் சத்தம் மாறும். சிரிச்சுது, ‘குல்தூ’. சிரிச்சுதாம், ‘குல்முஷ்’. குழந்தைக்கு ‘பெபெக்’. எங்க, ‘குழந்தை சிரிச்சுதாம்’ சொல்லு.

அன்வரி: பெபெக்... குல்தூ.

மெஹபூப்: தப்பு. ‘குல்முஷ்’.

அன்வரி: இன்னா தப்பு? கீழ்ப்பல்லு ரெண்டும் தெரிய சிரிச்சுதே...

மெஹபூப்: எந்தக் குழந்தை, அன்வரி?

அன்வரி: வெள்ளிக்கிழமை... நீங்க தொழுகைக்குப் போனப்புறம்... வீடியோ போன்ல... திட்டாதீங்க. ஒரே ஒரு தடவ பாத்துக்கறேன்னு ஆரம்பிச்சேன். வாராவாரம் ஆயிடுச்சு. உங்க மனசு இளகணும்னுதான் அல்லாஹ்கிட்ட தெனம் கேட்டுக்கினு...

மெஹபூப்: எத்தனை பல்லுன்ன?

அன்வரி: ரெண்டு... கோவமா? ஏங்க, எங்க எழுந்து போறீங்க? அந்த வியாபாரி வர்றதுக்குள்ள பாடம் முடிக்க வேணாமா?

மெஹபூப்: வியாபாரியும் கிடையாது, ஒருத்தரும் கிடையாது. சட்டை மாத்திக்கினு வர்றேன், நீ போனைப் போடு. ‘தெதென் கெல்தி’, உன் தாத்தா வந்துட்டாருன்னு சொல்லணும். ‘கெல்மிஷ்’னு சொல்லிடாத... புள்ள கண்ணால பாக்கப் போவுதுல்ல?