பேரிங் அலமாரியின் காவலருக்கு, புகார் எழுதிய கைகள் எழுதும் மடல்

பண்பின் பெட்டகமே! பற்றாக்குறையையும் பதற்றமின்றிப் பார்த்தவரே! எங்கள் தண்ணீர்ப் பம்புத் தொழிற்கூடத்தின் கொள்முதல் பொறுப்பை இருபத்தாறு ஆண்டுகள் சுமந்து, இன்று பணி ஓய்வு பெறும் அலமாரி அண்ணா! உங்களை வணங்கிக் கைகுவிக்கிறோம்.

நம்முடையது சிறிய கூடம். பம்பின் அச்சைச் சுழல வைக்கும் பேரிங் இருநூறு கேட்டால், இரண்டாயிரம் எடுத்தால்தான் அனுப்புவோம் என்பார்கள் விற்பனையாளர்கள். பெரிய ஆலைகள் அள்ளியது போக மிஞ்சியதே நமக்கு. அத்தனைக்கும் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு, குரல் உயர்த்தாமல் மன்றாடிய பெருந்தகையே! கையிருப்பு உண்டா என்று கேட்டால், "இருக்கு. ஆனா இல்லன்னு நெனச்சுக்கிட்டு வேலையப் பாருங்க" என்பீர்கள். பச்சை அலமாரியின் சாவி உங்கள் இடுப்பை விட்டு இறங்கியதே இல்லை.

அந்த அலமாரியிலிருந்து பக்கத்துத் தெருப் பட்டறைகளுக்குப் பெட்டி பெட்டியாகப் பேரிங் போவதைக் கண்டோம். போட்டியாளருக்கு நம் சரக்கா என்று கொதித்தோம். உங்களை ஒரு வார்த்தை கேட்காமல், முப்பத்தொரு பேரும் கையெழுத்திட்டு முதலாளியிடம் புகார் கொடுத்தோம். சாவி பறிபோனது, இருப்பை அளவில்லாமல் எடுத்து ஒரே மாதத்தில் அலமாரியைக் காலியாக்கினோம். நீங்கள் வழக்கம்போல் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டீர்கள்.

அடுத்த மாதமே நமக்குப் பேரிங் கொண்டுவந்த சரக்குக் கப்பல் துறைமுகத்தில் சிக்கியது. எந்திரங்கள் நின்றன. "திங்கக்கெழம வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் கதவ மூட வேண்டியதுதான்" என்றார் முதலாளி. வீட்டில் என்ன சொல்வதென்று தெரியாமல் நாங்கள் விழித்து நிற்க, நீங்கள் ஒரு துணிப்பையோடு பட்டறை பட்டறையாக ஏறி இறங்கினீர்கள். ஒருவர் முப்பது தந்தார், ஒருவர் பன்னிரண்டு, ஒருவர் தம் எந்திரத்திலிருந்தே நான்கைக் கழற்றித் தந்தார். "அண்ணன் கேட்டா இல்லன்னு சொல்ல வாய் வருமா?" என்றாராம் அவர். அவர்கள் தவித்தபோது நீங்கள் கொடுத்ததெல்லாம் நாங்கள் தவிக்கும் நாளுக்காகவே என்று அன்றுதான் புரிந்தது. திங்கட்கிழமை எந்திரங்கள் ஓடின.

முதலாளி மன்னிப்புக் கேட்டுச் சாவியைத் திருப்பித் தந்தார். நாங்கள் மன்னிப்புக் கேட்கவில்லை. இரண்டு ஆண்டுகள் தினமும் உங்களோடு தேநீர் குடித்தோம். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவில்லை. நீங்களும் எடுக்கவில்லை, அண்ணா. அதுதான் எங்களை இன்றுவரை சுடுகிறது.

உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கப்போகும் மடலில் இதையெல்லாம் எழுதலாமா என்று தயங்கினோம். "புகார் எழுதுறப்ப நாம தயங்கலையே" என்றார் எங்களில் ஒருவர். ஆகவே எழுதுகிறோம். மன்னித்துவிடுங்கள்.

முழங்கால் வலி தீர்ந்து, தொலைபேசி மணிக்குத் திடுக்கிடாமல் உறங்கி, நோய் நொடியின்றி நெடுங்காலம் வாழுங்கள்! நீங்கள் மேசையில் வைத்துவிட்டுப் போகும் சாவியை எடுக்க எங்களில் எவருக்கும் கை வரவில்லை.

இங்ஙனம்,
புகாரில் கையெழுத்திட்ட அதே முப்பத்தொரு பேர், அதே வரிசையில்.