பாதி டம்ளர் தேநீர்

பட்டறையின் பெருமைக்குரிய தலைவர் அவர்களே! பற்றவைத்துப் பற்றவைத்தே பல கப்பல்களைப் பிழைக்க வைத்த பெரியவர்களே! ஆறு நாள் அடுப்பை மறந்து, அலைபேசியையே பார்த்துக்கொண்டிருந்த தாய்மார்களே! பனிக்கடலிலிருந்து பத்திரமாய்த் திரும்பியிருக்கும் இருபத்திரண்டு பேரே! அவர்களுள் ஒருவரான சமையற்காரரே, என் அக்காவின் வீட்டுக்காரரே! அனைவருக்கும் வணக்கம்.

கப்பலைக் காத்தவள் என்று தலைவர் என்னை அறிமுகப்படுத்தினார். நீங்களும் கைதட்டினீர்கள். கொஞ்சம் பொறுங்கள், கதையைக் கேட்டுவிட்டுத் தட்டலாமா என்று முடிவு செய்யுங்கள்.

இரும்புக்குக் களைப்பு வருமா? வரும்! கொண்டை ஊசியை ஒருமுறை வளையுங்கள், ஒன்றும் ஆகாது. இருபது முறை வளையுங்கள், கையோடு வந்துவிடும். பனிக்கட்டி மோதும்போது தகடு உள்வாங்குகிறது, விலகும்போது நிமிர்கிறது. ஒரு குளிர்காலத்தில் இப்படி எத்தனை ஆயிரம் மோதல்! அதை எண்ணி, இந்தக் கப்பல் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று எழுதிக் கொடுப்பதுதான் என் வேலை.

எப்படி எண்ணுவது? இதுவோ பனியை உடைத்துக்கொண்டு போகும் பழைய கப்பல், மோதலை எண்ணும் கருவி அதில் இல்லை. மாலுமிகளிடம் ஒரு வழக்கம் இருந்தது. சுக்கான் அறையில் டம்ளரில் தேநீர் இருக்கும். மோதலில் அது சிந்தினால் பதிவேட்டில் ஒரு கோடு. சிந்தாவிட்டால் கோடு இல்லை. பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தவள்தான்! ஆனால் இரண்டு பயணம் இரவல் கருவியோடு கூடவே போய் ஒப்பிட்டேன். ஒருமுறை சிந்தினால் முந்நூறு சின்ன மோதல் என்று கச்சிதமாக வந்தது. அந்தப் பெருக்கலை நம்பினேன்.

கடந்த இரண்டு குளிர்காலத்தில் கோடுகள் பாதியாகக் குறைந்தன. பனி மெலிந்துவிட்டது என்று பூரித்தேன். 'இன்னும் மூன்று ஆண்டு தாங்கும்' என்று கையெழுத்திட்டேன். கப்பல் கிளம்பியது.

நான்காம் நாள் அக்கா வீட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தோம். அத்தானின் சட்டையை உதறியபடி அக்கா சொன்னாள்:

"முன்னெல்லாம் சட்டை பூரா டீக்கறையா வரும்டி. ரெண்டு வருஷமா கறையே இல்ல. மேசை துடைச்சு மாளலன்னு டம்ளர்ல பாதிதான் ஊத்துறாராம்."

கையிலிருந்த துணியைக் கீழே வைத்தேன். பனி குறையவில்லை, பெருமக்களே! தேநீர்தான் குறைந்திருந்தது! அங்கேயே உட்கார்ந்து மறுபடி கணக்குப் போட்டேன். கப்பல் தாங்க வேண்டியதையெல்லாம் போன குளிர்காலத்திலேயே தாங்கி முடித்திருந்தது. கேப்டனைத் தொலைபேசியில் பிடித்தேன்.

"என்ன மேடம், போன வாரம்தானே நல்லாருக்குன்னு கையெழுத்துப் போட்டீங்க?"

"போட்டேன் கேப்டன். தப்பாப் போட்டுட்டேன். கப்பலை நிறுத்துங்க. இடப்பக்க முகப்புல, சட்டமும் தகடும் சேர்ற இடத்தை விளக்குப் புடிச்சுப் பாருங்க."

இரண்டு மணி நேரம் கழித்து அவர் குரல் வந்தது.

"ஒரு சாண் நீளத்துக்கு விரிசல் மேடம். தண்ணி இன்னும் உள்ள வரல."

தான் உடைத்த பாதையிலேயே கப்பல் பின்வாங்கியது; பனியில்லாத கடலுக்கு வந்து ஆமை வேகத்தில் ஊர்ந்தது. விரிசல் தெரிந்ததிலிருந்து ஆறாம் நாள், ஏணியில் இறங்கியவர்களை ஒவ்வொருவராக எண்ணினேன். இருபத்திரண்டு! அழுதேன். பெருமையால் அல்ல, அப்பாடா என்ற நிம்மதியால்!

கடைசியாக இறங்கிய அத்தான் கேட்டார்: "ஏம்மா, இனிமே டீ ஊத்தவும் உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?"

வேண்டாம் அத்தான்! கேட்காதது நீங்களல்ல, நான். பதிவேட்டைக் கேட்டேன், பனி வரைபடத்தைக் கேட்டேன், பாடப்புத்தகத்தைக் கேட்டேன். பாத்திரம் கழுவுகிற மனிதரைக் கேட்டேனா? கோடு ஏன் குறைந்தது என்று ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை, கேட்டேனா? கணக்கு தவறவில்லை, கேட்காத நான் தவறினேன். தகட்டை மாற்றியாயிற்று, எண்ணும் கருவியும் பொருத்தியாயிற்று. ஆனால் கருவியிடம் மட்டும் கேட்டுவிட்டு இனி நான் கையெழுத்திட மாட்டேன். தலைவர் வைத்திருக்கும் பாராட்டுப் பத்திரத்தில் தயவுசெய்து அக்காவின் பெயரை எழுதுங்கள்.

கேப்டன் கடிகாரத்தைப் பார்க்கிறார். பாருங்கள் ஐயா, நன்றாகப் பாருங்கள்! அலுத்துக்கொள்ளுங்கள், கொட்டாவி விடுங்கள், என் கையெழுத்தை வாய்விட்டுத் திட்டுங்கள். திட்டுவதற்கு இருபத்திரண்டு பேரும் இருக்கிறீர்களே, எனக்கு அது போதும்!

கேட்ட செவிகளுக்கு நன்றி. கரை சேர்ந்த கால்களுக்கு வணக்கம்.