வடக்கு மூலைக் கதவு

ஆஃப்சைடு விதி எனக்குச் சரியாகப் புரிந்தபோது வயது முப்பதைத் தாண்டியிருந்தது. அதுவரை பக்கத்தில் இருப்பவர்கள் கத்தினால் நானும் கத்துவேன். அவர்கள் தலையில் கை வைத்தால் நானும் வைப்பேன். விதி தெரியாமலேயே ஒரு ஃபுட்பால் டீம் மீது உயிரையே வைத்திருந்தேன். நான் எப்படிப்பட்ட ஆள் என்று உங்களுக்குத் தெரியத்தான் இதைச் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நான் பயந்த சுபாவம். பெனால்டி கிக் என்றால் மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றுகொள்வேன். சத்தத்தை வைத்துத்தான் கோலா இல்லையா என்று தெரிந்துகொள்வேன்.

ஏழு வயதில் தாய்மாமா என்னை அந்த டீமின் மைதானத்துக்கு அழைத்துப் போனார். இப்போது ஐம்பத்தெட்டு. குழாய், தாழ்ப்பாள், பூட்டு விற்கிற கடை வைத்திருக்கிறேன். கடைக்கு அரை நாள் லீவு என்றால் டீம் இங்கே விளையாடுகிறது என்று தெருவே தெரிந்துகொள்ளும். மகள் பிறந்த அன்றுகூட வடக்கு ஸ்டாண்டில்தான் இருந்தேன். அதை என் மனைவி இன்றுவரை சொல்லிக்காட்டுவாள்.

போன வருடக் கடைசியில் கிளப் முதலாளி மூன்றில் ஒரு பங்கை விற்கப்போவதாகப் பேச்சு வந்தது. எனக்குத் தூக்கம் போயிற்று. கடையோடு சேர்ந்த இடத்தைக் கொடுத்தால் வாங்கிவிடலாம் என்று தோன்றியது. மனைவியிடம் மெதுவாக ஆரம்பித்தேன்.

"பந்து பாக்கப் போற மனுஷன் கிளப்பையே வாங்கணுமா? சினிமாவுக்குப் போனா தியேட்டரை வாங்கிட்டா வர்றோம்?" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் கிளப் செயலாளர் நல்லபடியாகப் பேசினார். "அவசரமே இல்ல சார். மூணு மாசம் உள்ள வந்து போங்க. எல்லாத்தையும் பாருங்க. மனசுக்குப் பிடிச்சா மட்டும் பேசுவோம்."

அந்த மூன்று மாதமும் நான் தரையில் நடக்கவில்லை. சலவை அறையில் ஈர ஜெர்சிகளை நானே கொடியில் போட்டேன். சுண்ணாம்புக் கோடு போடும் வண்டியை ஒருநாள் தள்ளக் கொடுத்தார்கள். நான் போட்ட கோடு வளைந்துபோய், கோல்கீப்பர் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர் கோடு?" என்று சிரித்தார். அவர் என்னிடம் பேசியதையே மூன்று நாள் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

வியாபாரி என்பதால் ஒன்று கண்ணில் பட்டது. வடக்கு ஸ்டாண்டில் டிக்கெட்டைவிட ஆள் அதிகம். அந்த ஸ்டாண்டின் பின்மூலையில் ஒரு இரும்புத் தகட்டுக் கதவு உண்டு. ஏதாவது ஆபத்து என்றால் வெளியேறுவதற்காக வைத்தது. உள்பக்கம் தாழ்ப்பாள் மட்டும். மேட்ச் தொடங்கியதும் காவலாளி அதைத் திறந்து கையில் காசில்லாதவர்களை உள்ளே விடுவார். முன்பல் இல்லாததால் பேசும்போது காற்று போகும். எல்லோரும் அவரை விசில் என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபதை நெருங்கியவர்.

அவரிடம் நேராகவே கேட்டேன். "அண்ணே, இப்படி விட்டா கிளப் எப்படி நிக்கும்?"

"தம்பி, நீயே எத்தனை வருஷம் இதுல புகுந்து வந்தவன்? அப்ப உன்னைக் கேட்டேனா?" என்றார். கோபமே இல்லை. பாதி பிஸ்கட்டை உடைத்து எனக்கும் கொடுத்தார்.

எனக்கு ஒரு மேட்ச் போதும் என்று நினைத்தேன். ஒரே ஒரு மேட்சுக்கு அந்தக் கதவை அடைத்துவைத்தால் உண்மையான கூட்டம் எவ்வளவு என்று தெரிந்துவிடும், முடிவெடுக்க வசதி. செயலாளரிடம் ஜாடையாகச் சொன்னேன். "அதை யாரும் கண்டுக்கறதில்ல சார். நீங்க வேணா பாத்துக்கங்க," என்றபடி போனை எடுத்துக்கொண்டார். அவருக்கு நான் என்ன சொன்னேன் என்பதே நினைவிருக்காது. அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

அடுத்த மேட்ச் அன்று விசிலை முன்வாசலுக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். கடையிலிருந்து ஒரு சங்கிலியும், இருப்பதிலேயே கெட்டியான பூட்டும் கொண்டுபோய், கதவை வெளிப்பக்கம் பூட்டினேன். யாரும் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்று நினைத்தேனா என்று கேட்டால், ஆமாம். எல்லோருக்கும் என்னைப் பிடிக்கும். அது கெட்டுப்போக வேண்டாம் என்று இருந்தது.

இரண்டாம் பாதியில் நான் அந்தக் கதவுக்கு வெளியே, சந்தில் நின்றிருந்தேன். எத்தனை பேர் வந்து ஏமாந்து திரும்புகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே பெரிய சத்தம் கேட்டது. கோல் என்று நினைத்து நான் கைகூடத் தட்டினேன்.

ஸ்டாண்டுக்கு அடியில் இருந்த டீக்கடையில் சிலிண்டர் பற்றிக்கொண்டது என்று பிறகுதான் தெரிந்தது. முதலில் கதவுக்கு மேலே கறுப்பாகப் புகை வந்தது. அப்புறம் கதவு ஆட ஆரம்பித்தது. தகடு என்பதால் ஆட்களைப் பார்க்க முடியாது. கீழே நான்கு விரல் இடைவெளி உண்டு. அதில் கைகள் வந்தன. மோதிரம் போட்ட கை ஒன்று, கடிகாரம் கட்டிய கை ஒன்று.

நான் சாவியை எடுத்துவிட்டேன். இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். பூட்டில் நுழைத்தும்விட்டேன்.

அப்போது விசிலின் குரல் கேட்டது. முன்வாசலில் இருந்தவர் புகையைக் கண்டதும் இந்தக் கதவைத் திறக்கத்தான் உள்ளே ஓடிவந்திருக்கிறார். "தாழ்ப்பாள் எடுத்தாச்சு, கதவு வரலையே! வெளியே யாரோ பூட்டியிருக்காங்க! எவன்டா பூட்டுனான்?" என்றார்.

திறந்தால் அந்தக் கேள்விக்குப் பதிலாக நான் நின்றுகொண்டிருப்பேன்.

சாவியை வெளியே எடுத்தேன். இரண்டடி பின்னால் வந்தேன். வேறு யாராவது வந்து உடைத்துவிடுவார்கள் என்று நினைத்தேன். கதவை உடைத்துத் திறக்கப் பத்தொன்பது நிமிடம் ஆனது என்று விசாரணையில் சொன்னார்கள். எனக்கு நான்கைந்து நிமிடம்தான் தெரியும். ஏனென்றால் கைகள் அசையாமல் போனதும் நான் அங்கிருந்து கிளம்பிவிட்டேன். பெரிய சாலைக்குப் போய்த் தீயணைப்பு வண்டிக்குக் கை காட்டி வழி சொன்னேன், முன்வாசலுக்கு. ஓர் அதிகாரி என் தோளைத் தட்டினார்.

கதவருகில் பதினோரு பேர். விசிலும் அதில் ஒருவர். இலவசமாக வருகிறவர்களிடம் காசு பிடுங்க அவர்தான் பூட்டியிருப்பார் என்று பேசிக்கொண்டார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. அவருடைய மகள் தையல்காரி. தைக்கக் கொடுத்த துணியையெல்லாம் ஆட்கள் திரும்ப வாங்கிப் போனார்கள் என்று கேள்விப்பட்டு வருத்தமாக இருந்தது.

அன்றிலிருந்து எனக்குத் தகரச் சத்தம் ஆகாது. கடை ஷட்டரை நான் இழுப்பதில்லை. பக்கத்துக் கடைக்காரர் இழுத்தாலும் காதைப் பொத்திக்கொண்டு பின்னால் போய் நின்றுவிடுவேன். குளிக்கும்போது கதவைச் சாத்துவதில்லை. மனைவி, "உடம்புக்கு என்னங்க?" என்று கேட்டுக்கேட்டு ஓய்ந்துவிட்டாள்.

இதற்கிடையில் செயலாளர் கூப்பிட்டார். இப்போது பாதி விலைக்கே முடிந்துவிடும் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசித்துக்கொண்டுதான் இருந்தேன்.

இன்று காலை விசிலின் மகள் கடைக்கு வந்தாள். கையில் அந்தப் பூட்டின் போட்டோ. கடை கடையாக ஏறி இறங்கியிருக்கிறாள்.

"சார், இந்தப் பூட்டு என்ன விலை இருக்கும்? எங்க அப்பா வாங்கற மாதிரியா இருக்கு? உங்களைப் பத்தி அப்பா நல்லவர்னு சொல்வாரு. அதான் கேக்கறேன்."

"இந்த மாதிரி எங்க கடையில வர்றதில்லம்மா," என்றேன்.

பயத்தில் வாய்க்கு வந்தது அதுதான். அதே பூட்டுகள் என் தலைக்குப் பின்னால் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன. அவற்றை எடுத்து ஒளித்தால் கடை ஆட்கள் ஏதாவது நினைப்பார்கள் என்று அப்படியே விட்டிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தாள். போட்டோவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரிங்க சார்," என்று இறங்கிப் போய்விட்டாள். குரல்கூட உயரவில்லை. எதிரே, இந்த போலீஸ் ஸ்டேஷன் பக்கம் வரும் பஸ்ஸுக்குப் போய் நின்றாள்.

நான் டாக்ஸி பிடித்து வந்தேன்.

அவ்வளவுதான். பூட்டியது நான். சாவி கையில் இருந்தும் திறக்காதது நான். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். யாரும் சொல்லாமல், மனசாட்சி உறுத்தி, நானாகவே வந்து ஒப்புக்கொண்டேன் என்று முதல் வரியில் எழுதுங்கள். நேரத்தையும் போட்டுவிடுங்கள். கொஞ்சம் சீக்கிரம், ஐயா. வாசலில் பஸ் வந்து நிற்கிறது.