மஞ்சள் துணி சுற்றிய முடிச்சு

யார் கயிறு கேட்டு வந்தாலும், "எதுக்குங்க?" என்று கேட்காமல் நான் சுருளை எடுப்பதில்லை. மாட்டுக்கா, கிணற்றுக்கா, பந்தலுக்கா என்று தெரியாமல் கொடுப்பது பாவம். செங்கம் ரோட்டில் இருபத்தாறு வருஷமாகக் கடை வைத்திருக்கிறேன். இந்தப் பரசுராமன் கொடுத்த கயிறு ஒன்றுகூட அறுந்ததில்லை. இதை முதலில் எழுதிக்கொண்டால் மீதி சுலபம், இன்ஸ்பெக்டர் சார்.

முருகவேல் மாசி மாதம் வந்தார். கீழ்பென்னாத்தூர் பக்கத்து ஏரியில் மோட்டார் படகு விடப்போவதாகச் சொன்னார். ஆசிரமத்தைச் சுற்றி அறை எடுத்துத் தங்குகிற வெளிநாட்டுக்காரர்கள்தான் அவர் குறி. மௌனமாக உட்கார வருகிறவர்களுக்கு நாலாம் நாள் கால் மரத்துப்போகும், அப்போது அவர்களைப் படகுக்குப் பின்னால் தண்ணீரில் இழுக்கலாம் என்பது அவர் கண்டுபிடிப்பு. "இழுக்கறதுக்கு இன்னா கயிறுண்ணே வாங்கறது? நீங்கதான் சொல்லணும்" என்றார்.

எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் பேசுகிற ஆள் நான் இல்லை. மூன்று வாரம் வீடியோ பார்த்தேன். சென்னையில் கடலில் படகு ஓட்டுகிறவர்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். பலகையில் நின்று அலையைத் தாண்டிக் குதிக்கிறவருக்கு நீளாத கயிறு. நீண்டால் அந்தரத்தில் தடுமாறி விழுவார். காலில் ஸ்கி மாட்டிச் சறுக்குகிறவருக்குக் கொஞ்சம் நெகிழ்வு வேண்டும். காற்றடித்த டியூபில் உட்கார்ந்து போகிறவர்களுக்கு நன்றாக நீளுகிற தடித்த கயிறு, இல்லாவிட்டால் வெட்டி இழுத்துக் கழுத்து பிடித்துக்கொள்ளும். ஆள் கூடக்கூடப் பலமும் கூட வேண்டும். எல்லாமே மிதக்க வேண்டும், மூழ்கினால் படகின் விசிறியில் சுற்றிக்கொள்ளும். முடிச்சைப் பற்றி எழுதத் தாளில் இடம் இல்லை. வாயால் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

முருகவேல் என் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் வாங்கிக்கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே அந்தத் தாளைப் போட்டோ எடுத்தார். "தெய்வம்ணே நீங்க" என்றார். அப்படியே போனைத் தடவி ஆன்லைனில் ஆர்டர் போட்டார். என் கடை வைஃபையில். "ஏரிக்கு அட்ரஸ் இல்லண்ணே, உங்க கடை அட்ரஸ குடுத்துட்டேன். பார்சல் வந்தா வாங்கி வெச்சிருங்க."

வாங்கி வைத்தேன். கோபம் வந்ததா என்று கேட்பீர்கள். வரவில்லை. பெட்டியைப் பிரித்துக் கயிற்றைத் தடவிப் பார்த்தேன். நாலு பேர் டியூபுக்கான நல்ல கயிறு. நான் எழுதிக்கொடுத்தபடியே வாங்கியிருந்தார். சொல்பேச்சுக் கேட்கிற மனுஷர்.

அதனால்தான் பூஜையைப் பற்றியும் என்னிடமே கேட்டார். புது வண்டி என்றால் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். கயிற்றுக்கு எங்கே வைப்பது? "நடுவுல ஒரு முடிச்சு போடுங்க. அதுக்குள்ள பழத்த வெச்சு இறுக்கி, மஞ்சத் துணி சுத்திடுங்க. அவுக்கவே கூடாது" என்றேன். "கரெக்டுண்ணே, கண்ணு ஜாஸ்தி" என்று கும்பிட்டார். முடிச்சு விழுந்தால் கயிற்றின் பலம் பாதிக்குப் பாதி கம்மியாகும் என்பது கயிறு விற்கிற எவனுக்கும் தெரியும். அவர் அதைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், இலவசமாகத்தான்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை திறப்பு விழா. ஃபிளெக்ஸில் பதினோரு பேருக்கு நன்றி போட்டிருந்தது, ஃபிளெக்ஸ் அடித்தவர் உட்பட. அதையெல்லாம் நான் கவனிக்கவே இல்லை.

டியூபில் முருகவேலின் மச்சான்கள் ஆறு பேர் ஏறினார்கள். "ஆறு பேரு தாங்குமாண்ணே?" என்றார் முருகவேல். "புதுக் கயிறு, இன்னா பயம்?" என்றேன். படகின் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து டியூபைக் கவனிக்க ஒருவர் வேண்டும், அது விதி. படகோட்டி வல்லரசு அங்கே உட்கார என்னைத்தான் கூப்பிட்டான். "முதலாளி உக்காந்தாதாங்க அழகு" என்றேன். முருகவேலுக்கு முகமெல்லாம் பல். நீளுகிற கயிறு அறுந்தால் கட்டின இடத்துக்கே சுண்டித் திரும்பும். இதுவும் தாளில் இல்லை.

இரண்டாவது சுற்றில், மஞ்சள் துணி இருந்த இடத்தில் கயிறு அறுந்தது. மச்சான்கள் லைஃப் ஜாக்கெட்டோடு மிதந்துகொண்டு சிரித்தார்கள். படகுப் பக்கத்துப் பாதி முருகவேலின் கழுத்தில் அடித்தது. கரைக்குக் கொண்டுவருவதற்குள் போய்விட்டார். சாவு வீட்டுக்கு மாலையோடு போனேன். அவர் மனைவி எழிலரசி, "உங்கள எவ்ளோ நம்புனாரு தெரியுமாண்ணே" என்று அழுதபோது எனக்கும் கண் கலங்கிவிட்டது.

நீங்கள் விபத்து என்று எழுதி முடித்துவிட்டீர்கள். நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஆனால் பெட்டியில் ஒட்டியிருந்த அட்ரஸைப் பார்த்து, "பரசுராமன் கடையில் வாங்கிய தரமற்ற கயிறு" என்று ஒரு வரி சேர்த்திருக்கிறீர்களாம். அடி அண்ணாமலை டீக்கடையில் என் காதுபடவே பேசுகிறார்கள். முருகவேல் செத்த அன்றுகூட நன்றாகச் சாப்பிட்டேன், சார். இப்போது இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை.

அதனால் நானே வந்தேன். பேனாவை எடுங்கள். முடிச்சுப் போடச் சொன்னது நான். அந்த இடத்தில் உட்காரச் சொன்னது நான். அறுந்தால் ஆள் தேறமாட்டார் என்று தெரிந்தே சொன்னதும் நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். கயிறு என் கடையில் வாங்கியது இல்லை.