நாற்பத்தோரு குடும்பங்கள் நிற்கும் ஒரே படம்

மேடையில் அமர்ந்திருக்கும் நிழற்படக் கலைஞர் சங்கத்துப் பெரியவர்களே, சங்கத்தின் துணைத் தலைவராய் இருந்து மறைந்த அண்ணன் வைத்தியலிங்கத்தின் துணைவியார் தேன்மொழி அவர்களே, மாஞ்சோலையை விட்டு இறங்கிப் பல ஊர்களில் குடியேறி, இன்று அண்ணனுக்காக அம்பாசமுத்திரம் வந்து கூடியிருக்கும் தேயிலைத் தோட்டத்துக் குடும்பங்களே, உங்கள் எல்லோருக்கும் ரசீத்தின் வணக்கம்.

பதினெட்டு ஆண்டுகள் அவருடைய ஸ்டுடியோவில், கணினி முன்னால், அவர் பக்கத்தில் இருந்தவன் நான். அவரைப் புகழ எனக்குத் தயக்கம் கிடையாது. படத்தோடு படத்தை இணைப்பதில் இந்த மாவட்டத்தில் அவரை மிஞ்ச ஆள் உண்டா? துபாயில் இருக்கும் மகனை வீட்டுக் கல்யாண குரூப் போட்டோவில் நிறுத்தியவர் யார்? ஒட்டு எங்கே என்று பெற்ற தாயாலாவது காட்ட முடிந்ததா?

அவரிடம்தான் நீங்கள் வந்தீர்கள். நாற்பத்தோரு குடும்பமும் சேர்ந்து நிற்கிற படம் ஒன்றுகூட இல்லையே என்றீர்கள். நீங்கள் காலி செய்த வாரத்தில் தோட்டத்தில் வரிசையாய் நின்ற உங்கள் லைன் வீடுகளை அவர் காலை எட்டு மணி வெயிலில் எடுத்து வைத்திருந்தார். அந்தப் படத்தில் உங்களை நிறுத்துவதற்காக ஊர் ஊராக வந்தார். அதே எட்டு மணி, அதே உயரத்தில் கேமரா, அதே பக்கமிருந்து வெயில்.

கடையத்தில் ஒரு தவறு செய்தார். அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கே பிடிக்காது. பேருந்துக்கு நேரமாகிவிட்டதென்ற அவசரத்தில் இசக்கியம்மா குடும்பத்தைத் திசை மாற்றி நிறுத்திவிட்டார். கணினியில் பார்த்தால் மற்றவர்கள் நிழல் இடப்பக்கம், இவர்கள் நிழல் மட்டும் வலப்பக்கம். "படத்தை இடம் வலமாத் திருப்பிப் போட்டுருவோம் அண்ணாச்சி, ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன். திருப்பினேன், நிழல் சரியாகிவிட்டது. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஏலே ரசீத், இசக்கியம்மா முந்தானை வலது தோள்ல கிடக்கு. அவ புருசன் சட்டைப் பையும் வலப்பக்கம் போயிட்டு. அந்தப் பொம்பளை இப்படியாலே சேலை கட்டுவா?"

மறுநாள் முதல் பேருந்தில் கடையம் போய்விட்டார். ஒரு முந்தானைக்காக ஒரு நாள் வேலையா என்று எனக்குக் கோபமாக வந்தது. அப்படி நினைத்ததற்கு இன்று வெட்கப்படுகிறேன்.

முப்பத்தேழு குடும்பம் முடிந்த நிலையில் மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது. மீதி நான்கு என்ன ஆகும்? உங்கள் முகங்களில் இருக்கும் கேள்வி அதுதான். இசக்கியம்மா காலையில் என்னிடம் இன்னொன்றும் கேட்டார்: "தம்பி, படத்துல அண்ணாச்சியும் நிக்கணும். பழைய போட்டோவுல இருந்து வெட்டி ஒட்டுனா நல்லாவா இருக்கும்?"

பழைய போட்டோ வேண்டாம், அம்மா. நேற்று அவர் கணினியைத் திறந்தேன். ஒவ்வொரு குடும்பத்தையும் எடுப்பதற்கு முன்னால், வெளிச்சம் சரியா என்று பார்க்க, கேமராவில் டைமர் வைத்துவிட்டு அவரே அந்த இடத்தில் போய் நின்றிருக்கிறார். முப்பத்தேழு முற்றங்களிலும் நிற்கிறார். கடையத்தில் இரண்டு முறை நிற்கிறார்.

வருகிற ஞாயிறு காலை எட்டு மணிக்கு ஆலங்குளத்தில் அப்பாத்துரை வீட்டு முற்றத்தில் கேமராவோடு இருப்பேன். அடுத்த மூன்று ஞாயிறுகளில் மற்ற மூன்று வீடுகள். படம் முடியும். சங்கத்தின் முன் நான் கொடுக்கும் வாக்கு இது. அண்ணன் எந்தக் குடும்பத்தோடு நிற்பது என்பதை மட்டும் நாற்பத்தோரு வீட்டாரும் சண்டை போடாமல் பேசி முடித்து எனக்குச் சொல்லுங்கள்.