வளைவுல எவ்வளவு வேகம்?

சத்தியமா சொல்றேன் சார், என் தலைமேல அடிச்சுச் சொல்றேன், வேணும்னா உங்க தலைமேலயும் அடிச்சுச் சொல்றேன், இதுல ஒரு வார்த்தை பொய் கிடையாது! அந்தா நிக்குது பாருங்க, சாம்பல் கலர் கார், அதுதான். நிக்கும்போது பூனை மாதிரி நிக்குது, இல்ல? ஓட்டிப் பாருங்க. நாப்பதுல முனகும். அம்பதுல உறுமும். அறுபதுல... ஐயோ, மிக்ஸிக்குள்ள தலைய விட்ட மாதிரி சார்! எங்க மாடியில குடியிருக்கிற அம்மா, கார் தெரு முனை திரும்பும்போதே ஹெலிகாப்டர் வருதுன்னு காயப்போட்ட துணியெல்லாம் அள்ளிட்டு உள்ள ஓடிட்டாங்க. ரெண்டு தடவை! மூணாவது தடவை நிஜமாவே ஹெலிகாப்டர் வந்துச்சு. எங்க மாப்பிள்ளைதான் வர்றாருன்னு இறங்கிப் போயி கேட்டைத் திறந்து விட்டுட்டாங்க.

உக்காருங்க சார், எங்க போறீங்க? உங்களுக்கு முன்னாடி ரெண்டு வண்டி இருக்கு.

எல்லாம் டயர் பண்ற வேலை. பந்தய டயர் சார்! மைதானத்துல சுத்திச் சுத்தி ஓட்டுவாங்களே, அதுக்குப் போடறது. ரப்பர் மெத்துமெத்துன்னு இருக்கும், ரோட்டைப் பிடிச்சா விடாது. வெயில்ல நிறுத்திட்டு எடுத்தோம்னா தரையை விட்டுப் பிரியவே அதுக்கு மனசு வராது. வழியில கெடக்கற பொடிக்கல்லையெல்லாம் பொறுக்கிட்டு வந்து வண்டிக்கு அடியில படபடன்னு அடிக்கும். சிமெண்டு ரோடு வந்துட்டா தீந்தது கதை. எங்க வீட்டு வாசல்ல தினம் ரெண்டு கைப்பிடி கல்லு கூட்டித் தள்றேன். இன்னும் ஆறு மாசம் போனா ஒரு சுவரே எழுப்பிடலாம்.

இதைப் போட்டுக்கிட்டு எங்க கார் எங்க போகுது? காலைல பேத்தி ஸ்கூல், அப்புறம் என் முட்டிக்கு வைத்தியம் பாக்கற இடம், அப்புறம் பொண்ணு ஆபீஸ். முப்பத்தஞ்சு நிமிஷம், அவ்வளவுதான்.

ஆனா அந்த முப்பத்தஞ்சு நிமிஷம்தான் சார் எனக்கு நாளே. வீட்டுல யாரு என் பேச்சைக் கேக்கறா? நான் வாயைத் திறந்தா பொண்ணுக்கு அடுப்புல வேலை வந்துரும், மாப்பிள்ளைக்கு போன் வந்துரும், பேத்திக்குத் தூக்கம் வந்துரும். கார்ல எங்க ஓடுவாங்க? பெல்ட் வேற போட்டிருக்காங்க! நான் பஸ் டிப்போவுல இருந்தப்ப, டிரைவரே இல்லாம ஒரு பஸ் கெளம்பிப் போயி, எல்லா ஸ்டாப்புலயும் நின்னு ஆள் ஏத்தி, சரியான நேரத்துக்குத் திரும்பி வந்துச்சு. அந்தக் கதையைத் தினம் கொஞ்சம் கொஞ்சமா சொல்லிட்டு வந்தேன். இப்ப? பேத்தி காதுல பஞ்சு. பொண்ணு 'ம்ம்... ம்ம்...'ங்கறா. நான் கதையை நிறுத்தி ரெண்டு சிக்னல் தாண்டியாச்சு, அவ இன்னும் 'ம்ம்'ங்கறா சார்!

மாப்பிள்ளையும் சும்மா இருக்கலை, பாவம். மெக்கானிக் சக்கரத்துல பேரிங் போயிருச்சுன்னாரு, மாத்தினாங்க. சத்தம் போகலை. கதவு ரப்பர்னாரு, அதையும் மாத்தினாங்க. அடியில கம்பளி விரிச்சாங்க. வீட்டுலயே ரொம்பப் புலம்பினது நான்தானே, அதனால என்னைக் காது டாக்டர்கிட்டகூடக் கூட்டிட்டுப் போனாங்க. 'இவருக்குக் காது நல்லா இருக்கு, வாய்தான்...'னு அவரு ஏதோ சொல்ல வந்தாரு. எங்களுக்கே தெரியும் டாக்டர்னு பொண்ணு கையைக் காட்டிட்டா. கடைசியில போன சனிக்கிழமை மெக்கானிக் டயர்மேல உள்ளங்கையை வச்சாரு. வச்ச கையை எடுக்காமலே கேட்டாரு, "சார், இது ரோட்டு டயரே இல்லையே! யாரு போட்டா?"

யாரு போட்டா... உள்ள கண்ணாடி ரூம்ல நிக்கறாரே, தொப்பியைக் கையில சுருட்டிக்கிட்டு, அவருதான். இந்தக் கடையில பத்தொம்பது வருஷமா டயர் மாத்தறவரு. எல்லாரும் 'ஜாக்கி'ன்னுதான் கூப்பிடுவாங்க. எதிர்ல உக்காந்திருக்கறது முதலாளி. கையை ஆட்டி ஆட்டிப் பேசறது எங்க மாப்பிள்ளை. அந்த நாலு டயரும் ரெண்டு வருஷமா மேல் தட்டுல கெடந்துச்சாம். எவனோ பந்தயக்காரன் சொல்லி வச்சுட்டு வரவே இல்லை. விவரம் தெரியாத பெரியவர் ஒருத்தர் தனியா மாட்டினாரு, அவர் தலையில கட்டிட்டேன்னு ஒத்துக்கோங்கறாரு முதலாளி. இன்னையோட ஜாக்கிக்கு வேலை போயிரும்போல இருக்கு சார்.

ஜாக்கி என்ன சொல்றாரா? இந்தக் கடையில ஒரு வழக்கம் இருக்கு. டயர் போடறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டு ஒரு அட்டையில எழுதிக்குவாங்க. தினம் எவ்வளவு தூரம், எந்த மாதிரி ரோடு, வளைவுல எவ்வளவு வேகம். 'பெரியவர் சொன்னதைத்தான் எழுதினேன், அதுக்கேத்த டயரைத்தான் போட்டேன்'ங்கறாரு. அட்டையும் இருக்கு, பதிலும் இருக்கு. கையெழுத்துதான் இல்லை. பெரியவர் கண்ணாடியை வீட்டுலயே விட்டுட்டு வந்துட்டேன்னுட்டாராம்...

ஏன் சார் என்னை அப்படிப் பாக்கறீங்க?

சரி சரி. நான்தான் அந்தப் பெரியவர். "மாமா, நான் பஸ்ல ஆபீஸ் போயிக்கறேன், ஏதாவது கேட்டா பதில் சொல்லுங்க"ன்னு மாப்பிள்ளை வண்டியை விட்டுட்டுப் போனாரு. கேட்டாங்க, சொன்னேன்! அந்த ஜாக்கி என்னைச் சேர்ல உக்கார வச்சு, டீ வாங்கிக் கொடுத்து, கை ரெண்டையும் துடைச்சுக்கிட்டு, எதிர்ல முக்காலியைப் போட்டுக் கேட்டாரு சார், "ஐயா வளைவுல எவ்வளவு வேகத்துல போவீங்க?" என்னைப் பாத்து யாரு சார் இப்படி ஒரு கேள்வி கேட்டிருக்கா? நானோ டிப்போவுல டைம்கீப்பர். முப்பத்திரண்டு வருஷம் மத்தவங்க ஓட்டினதைக் கடிகாரம் பாத்துக் குறிச்சவன். ஒரு நாள்கூட ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை. 'நூத்தி இருபது'ன்னேன்.

அவரு சிரிக்கலை சார். எழுதினாரு! என் வாயிலேருந்து வந்ததை ஒரு மனுஷன் பேனாவை எடுத்து எழுதறாருன்னா, அப்புறம் என்னை யாரு பிடிச்சு நிறுத்தறது? மலை ரோட்டுல எழுபத்தேழு வளைவு, பிரேக்கைத் தொடவே இல்லை, கடைசி வளைவுல எப்படி ஒடிச்சேன்னா, என் வண்டியோட பின்பக்க நம்பரை நானே முன் கண்ணாடி வழியா படிச்சேன்னு சொன்னேன். அப்படியே வாயைப் பொளந்து கேட்டாரு. "ஐயா, உங்களுக்குச் சாதாரண டயர் தாங்காது"ன்னாரு. 'சத்தம் வரும்'னும் சொன்னாரு, அதை நான் மறைக்க மாட்டேன். "சத்தமா? சத்தம் இல்லாம ஓட்டி எனக்குப் பழக்கமே இல்லை"ன்னுட்டேன்.

சனிக்கிழமை மாப்பிள்ளை கேட்டாரு, "மாமா, இப்படி ஏதாவது நீங்க சொன்னீங்களா?" பொண்ணு பக்கத்துல நின்னு என் மூஞ்சியவே பாக்கறா. "நானா? எனக்குக் கார் ஓட்டவே தெரியாதே"ன்னேன். அது நிஜம்தானே சார்? எப்பவோ ஒரு தடவை நான் நிஜத்தைச் சொல்லப் போக, அது ஒருத்தர் சோத்துல மண்ணைப் போடுது பாருங்க!

ஐயோ, ஜாக்கி தொப்பியை மேசைமேல வச்சுட்டாரு. மாப்பிள்ளை இந்தப் பக்கம் திரும்பிக் கையைக் காட்டறாரு... என்னைத்தான். சாட்சி சொல்லத்தான் கூட்டிட்டு வந்திருக்காரு. எப்படி சார் போவேன்? நான் சொன்னதை முழுசா நம்பின ஆளு உலகத்துலயே அவரு ஒருத்தர்தான். அவர் எதிர்லயே போயி, எழுபத்தேழு வளைவும் புளுகுன்னு... அவருக்கு என்ன, கை வேலை தெரிஞ்சவரு, வேற கடையில... இல்லை சார், அப்படிச் சொல்லக்கூடாது. பத்தொம்பது வருஷம்.

அட, எங்க எந்திரிச்சுட்டீங்க? உங்க வண்டி இன்னும் உள்ளயே போகலையே! ரூமுக்கா? முதலாளிகிட்டயா?

போங்க சார், போங்க, நல்லா இருப்பீங்க! அட்டையில இருக்கறது அத்தனையும் அந்தப் பெரியவர் வாயால வந்ததுதான்னு அடிச்சுச் சொல்லுங்க. பின்பக்க நம்பரைப் படிச்ச இடத்தை விட்டுராதீங்க, அதைக் கேட்டாத்தான் மாப்பிள்ளை நம்புவாரு. ஆனா யாரு சொன்னாங்கன்னு மட்டும் மூச்சு விட்டுராதீங்க. வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கறவரு சொன்னாருன்னுகூட வேண்டாம் சார்... பெஞ்சுல நான் ஒருத்தன்தான் இருக்கேன்.