திரையில் தெரியாத பட்டியல்

என் பெயர் எல்சா, வயது 33, கணவர் பெயர் ஜாபேஸ். கட்டபெட்டில் சர்ச்சுக்குக் கீழ்ப்புறம் குடியிருக்கிறேன். கோத்தகிரியில் தனியார் பயிற்சி மையம் ஒன்றில் கணினி ஆசிரியையாக இருக்கிறேன். எங்கள் முக்கால் ஏக்கர் தேயிலையைக் கணவர் பார்த்துக்கொள்கிறார்.

தேயிலை விலை விழுந்ததால் 2019 ஜூன் முதல் தொழிற்சாலை எங்கள் ஊரிலிருந்து ஒரு நாளைக்கு நாற்பது மூட்டை இலைக்கு மேல் எடுப்பதில்லை. இலை வாங்கும் கொட்டகையில் யார் இலை முதலில் போவதென்று தினமும் சண்டை. அதனால் காலையில் முதலில் பெயர் பதிகிறவர் இலை முதலில் போகும்படி கைபேசியில் ஓர் ஆப் செய்து கொடுத்தேன். அது கட்டங்களை இழுத்துப் பொருத்திச் செய்வது. கணினியில் நடுவே கைபேசித் திரையின் படமும், பக்கத்தில் அதன் உறுப்புகள் எல்லாம் ஒன்றுக்குள் ஒன்றாகக் கிளை பிரிந்த மரமாகவும் தெரியும். என் மடிக்கணினி சிறியது. மரத்தைச் சுருக்கிவிட்டுப் படத்தை மட்டும் பார்த்து வேலை செய்வது என் வழக்கம். ஆசையாகக் கேட்டாரென்று கணவருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தேன். பாஸ்வேர்டும் அவருக்குத் தெரியும்.

அதன் பிறகு மூன்று வாரம் கழித்து, 12.7.2019 மாலை, பக்கத்துத் தோட்டத்துப் பாப்பம்மாள் மூட்டையோடு என் வீட்டுக்கு வந்து, "ஏனுங்க டீச்சர், நாந்தானுங்க மொதல்ல பதிஞ்சேன். அஞ்சு நாளா என்ற இலையத் திருப்பி உடறாங்க. என்னன்னு பாருங்க" என்றார். மூட்டைக்குள் கையை விட்டேன். இலை சூடேறிச் சிவந்து வீணாகியிருந்தது. அதன் பிறகு அவர் எதிரிலேயே மடிக்கணினியைத் திறந்தேன். படத்தில் குறை தெரியாததால் மரத்தை விரித்தேன். பதிவுப் பெட்டிக்குள், திரையில் தெரியாதபடி மறைத்து, நான் வைக்காத பட்டியல் ஒன்று இருந்தது. அதில் ஏழு பெயர்கள். எப்போது பதிந்தாலும் அவர்கள்தான் முன்னால் போவார்கள். முதல் பெயர் என் கணவருடையது. பாப்பம்மாள் எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதன் பிறகு கணவர் வந்ததும் கேட்டேன். அவர் மறுக்கவில்லை. மற்ற ஆறு பேரும் தனக்கு வேண்டியவர்கள் என்றார். நம்பிச் சொல்லிக்கொடுத்ததற்கு என் கழுத்தை அறுத்துவிட்டார். ஊரார் இந்தக் காவல் நிலையத்தில் கொடுத்த புகாரில் இருப்பது என் பெயர்தான். புகாருக்குப் பிறகு கணவர் பட்டியலை அழித்துவிடச் சொன்னார். நான் அழிக்காமல் மடிக்கணினியை இங்கே ஒப்படைத்திருக்கிறேன். நான் இங்கே வரக் கிளம்பும்போது அவர், "ஊர்ல எல்லார் இலையும் திரும்பி வந்துச்சு. நம்ம இலை ஒரு நாளாச்சும் திரும்பி வந்துச்சா? ஏன்னு ஒரு வார்த்தை கேட்டியா எல்சா?" என்றார்.

நான் கேட்கவில்லை.

என் வாய்மொழியாக எழுதப்பட்ட இதை வாசிக்கக் கேட்டேன். கடைசி வரியும் சேர்த்து அத்தனையும் உண்மை.

(ஒப்பம்) ஜா. எல்சா